பிள்ளையைக் கரையேற்றிவிட்டுப் புத்தகத்தை மூடு

என் மகளுக்குப் படிக்கத் தெரியாது என்பது, அவள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். நானும் முதலில் நம்பவில்லை.

அப்போது நாங்கள் தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு அறையும் சமையல்கட்டுமாகக் குடியிருந்தோம். எழுபதுகளின் தொடக்கம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை பார்த்தார். எங்களுக்கு மகள் ஒன்று, அவளுக்குக் கீழே மகன் ஒன்று.

பெரிய லீவு விடுவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. போனேன். வகுப்பு டீச்சர் ஒரு புதுப் புத்தகத்தைப் பிரித்து என் மகள் முன்னால் வைத்து, "படி" என்றார். அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. பிறகு டீச்சர் அவளுடைய பழைய பாடப்புத்தகத்தைக் கொடுத்தார். மடமடவென்று ஒப்பித்தாள். டீச்சர் மெதுவாக அந்தப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அவள் அப்போதும் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"பாத்தீங்களாம்மா? எல்லாம் காதால கேட்டது. எழுத்து ஒண்ணுகூடச் சேரல" என்றார் டீச்சர்.

எங்கள் வீட்டில் எல்லாமே காதால் வருவதுதான். சாமி பாட்டை நான் சொல்ல, அவள் கேட்டுத் திருப்பிச் சொல்லுவாள். வடபழனி கோயில் சன்னிதியில் அவள் நின்று பாடினால், "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இத்தனை ஞாபகமா!" என்று கூட்டம் நின்று கேட்கும். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டே, மற்றப் பிள்ளைகள் கூவிப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு, ஐந்து வகுப்பு தாண்டி வந்திருக்கிறாள்.

டீச்சர் நல்ல மனுஷி. அப்போதே ஃபெயில் என்று எழுதவில்லை. "ஸ்கூல் திறந்ததும் கூட்டிட்டு வாங்க. அவ பாக்காத பாடமா ஒண்ணு குடுப்பேன். படிச்சா ஆறாவது. இல்லேன்னா மறுபடியும் இங்கதான்" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "ரெண்டாந்தடவை அஞ்சாங்கிளாஸ் உக்காந்து என்ன ஆவப்போவுது? ஜூன்ல தேறலேன்னா நிறுத்திருவோம். தையல் கிளாஸ்ல விட்டாக் கைத்தொழிலாவது வரும்" என்றார்.

கோபத்தில் சொல்லியிருந்தால் மறுநாள் ஆறிப்போகும். அவர் நிதானமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட மகள், படுக்கும்போது என்னிடம் கேட்டாள்: "அம்மா, தையல் கிளாஸுக்கு என் ஃப்ரெண்ட்ஸ் வருவாங்களா?"

"நீ தையல் கிளாஸுக்கே போகமாட்டே, தூங்கு" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று தெரியாது. நானே ஐந்தாவதோடு நின்றவள். விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, சத்தமாகத்தான் எனக்கு வாசிக்க வரும். என் வாழ்க்கையில் நான் செய்த படிப்பெல்லாம் ஒன்றே ஒன்று. சாயங்காலம் விளக்கேற்றி, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, புராணம் வாசிப்பது. எனக்குத் தெரிந்ததைத்தானே நான் செய்ய முடியும்? முருகன் விட்ட வழி என்று அதையே செய்தேன்.

புராணம் அவள் காதில் ஏற்கெனவே ஏறியிருந்தது. ஆகவே வேறு புத்தகம் வேண்டும். பக்கத்துத் தெருவில் சர்க்கார் நூலகம் இருந்தது. அதற்கு முன் நான் அதற்குள் கால் வைத்ததில்லை. அங்கே இருந்தவரிடம், "ஐயா, எம் பிள்ளை கேட்டிராத கதையாப் பாத்து ஒண்ணு குடுங்க" என்றேன்.

"படிச்சிராத கதையாம்மா?"

"இல்லீங்க. கேட்டிராத கதை."

அவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து, மேலட்டை போய்ப் பழுப்பு அட்டை ஒட்டிய கனமான புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "யாரும் எடுக்கிறதில்ல. நீங்க எடுத்துட்டுப் போங்க" என்று சிரித்தார். காணாமல்போன தகப்பனைத் தேடிப் போகிற ஒரு படகுக்காரப் பையனின் கதை அது.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். மகளைக் கைகால் கழுவிவிட்டு வரச் சொன்னேன். விளக்கேற்றினேன். சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு கிண்ணத்தில் கற்கண்டு வைத்தேன். மகள் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தாள். கதைப் புத்தகத்துக்கு எதற்கு இதெல்லாம் என்று நீங்கள் கேட்கலாம். எழுத்தென்றால் எல்லாம் சரஸ்வதிதானே?

ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். ஒரு வரிக்கு ஒரு யுகம். நான் ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை. வாசிக்கிறவரை இடையில் மறித்துத் திருத்துகிற பழக்கம் எங்களிடம் இல்லை. முடிவில், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள் என்று சாமியிடம் சொல்லிவிடுவோம், அவ்வளவுதான். அவள் தப்பாகப் படித்தது, இரண்டு வரி தள்ளிப் போனதும் பொருந்தாமல் அவளுக்கே இடிக்கும். திரும்பி வந்து சரியாகப் படிப்பாள். இது பெரிய நன்மை என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடினாள்.

"போதும்மா. வாய் வலிக்குது."

"எந்த இடத்துல நிக்குது?"

"படகு கவுந்துடுச்சு. பையன் ஆத்துல விழுந்துட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புராணம் வாசிக்கிற வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. துக்கமான இடத்தில் புத்தகத்தை மூடக்கூடாது. போரில் ஒருவன் விழுந்தான், ஒரு தாய் அழுதாள் என்கிற இடத்தில் எழுந்துவிட்டால், அந்தத் துக்கம் வீட்டில் தங்கிவிடும் என்பார்கள். ஒரு கல்யாணமோ, ஒரு வரமோ வரும் வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் கற்பூரம் காட்டவேண்டும்.

"அட பாவி மகளே! பிள்ளையத் தண்ணிக்குள்ள விட்டுட்டா புத்தகத்த மூடுதே? விளக்கு எரியுது பாரு. ஆகாதுட்டி, ஆகாது. அவனைக் கரையேத்திட்டு மூடு."

"அது கதைம்மா. நிஜமா விழல."

"கதையில விழுந்தாலும் பிள்ளை பிள்ளைதான். படி."

சின்னவனுக்கு உதடு பிதுங்க ஆரம்பித்துவிட்டது. "அக்கா, அவன் செத்துப்போயிடுவானா? சீக்கிரம் படிக்கா!"

வேறு வழியில்லாமல் பிரித்தாள். அந்தப் பையன் ஒரு மரக்கிளையைப் பிடித்துக் கரைக்கு வருவதற்குள், அடுப்பில் சோறு குழைந்து கூழாகிவிட்டது. கரையேறினான் என்று படித்ததும் சின்னவன் கையைத் தட்டினான். நான் கற்பூரம் காட்டிவிட்டு ஆளுக்கொரு கற்கண்டு கொடுத்தேன். மகள் முகத்தில் கோபம். ஆனால் ஒரு பத்திக்கு மேல் தாங்காது என்று நினைத்தவள், இரண்டு பக்கம் படித்திருந்தாள்.

கதை எழுதுகிறவர்கள் எப்போதுமே ஆபத்தில்தான் நிறுத்துவார்கள் என்பது எனக்கு அந்த லீவில்தான் தெரியவந்தது. பாம்பு சீறுகிற இடத்தில், கதவு தானாகச் சாத்திக்கொள்கிற இடத்தில், அடுத்த அத்தியாயம் என்று போட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது செல்லாதே! அத்தியாயம் முடிந்தாலும் ஆபத்து முடிய வேண்டுமே. "இதை எழுதினவருக்கு நல்லதே எழுதத் தெரியாதா?" என்று மகள் புத்தகத்தைப் பார்த்து முறைப்பாள். முறைத்துக்கொண்டே படிப்பாள்.

பூக்காரம்மா ஒருத்தி சாயங்காலம் எங்கள் சந்துக்கு வருவாள். முதல் நாள் வாசற்படியில் கூடையை இறக்கிவைத்து, "இன்னாம்மா, பாப்பா சாமி கதயா படிச்சிக்கினு கீது?" என்று கேட்டாள்.

"சாமி கதை இல்ல. படகுக்காரப் பையன் கதை."

"படகா? எங்க ஊட்டாண்டகூட ஆறு கீது. கூவம். அதுல இன்னாத்த படகு ஓட்டுறது, மூக்கப் புடிச்சிக்கினு ஓடத்தான் முடியும்." சிரித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் எங்கள் வாசலில்தான் பூக் கட்டினாள். ஒரு நாள் கொஞ்சம் தாமதமாக வந்தவள், கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே, "பாப்பா, அந்தப் பையன அந்தப் போக்கிரி உட்டானா இல்லியா? நேத்து நடுவுல எந்திரிச்சிப் பூட்டனா, ராவெல்லாம் எனுக்கு அதே நெனப்பு" என்றாள். தனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதில் என் மகளுக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்ததை நான் கவனித்தேன். பூக்காரம்மாவுக்கு எதிரே தடுமாறக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, எழுத்துகள் வேகமாகச் சேர ஆரம்பித்தன.

கத்திரி வெயில் வந்தது. ஒரு நாள் மத்தியானம் கூழ்வற்றல் பிழிந்து மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு, காக்காய் விரட்ட மகளை உட்காரவைத்திருந்தேன். தண்ணீர் கொண்டுபோனால், காக்காய் ஒரு பக்கம் வற்றலைக் கொத்துகிறது. இவள் தண்ணீர்த் தொட்டி நிழலில், மடியில் புத்தகத்தை விரித்துக் குனிந்திருக்கிறாள். சத்தமே இல்லை.

"என்னட்டி பண்ணுதே? காக்கா கொண்டுபோவுது!"

"இரும்மா. நல்ல இடம் எங்க வருதுன்னு பாக்கிறேன்."

"எதுக்கு?"

"சாயங்காலம் எவ்வளவு படிக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சா நல்லதுதானே? இன்னிக்கு நிறைய போகணும்மா. இவனைக் கட்டிப்போட்டிருக்காங்க. கிழவி ஒருத்தி வந்து கயித்தை அவுத்துவிடறா. அதுக்கு ரொம்பப் பக்கம் ஆகுது."

"கிழவி அவுத்துவிட்டது உனக்கு எப்படித் தெரியும்? அந்த இடம் இன்னும் வாசிக்கலையே?"

"இப்பத்தான் படிச்சேன். மனசுக்குள்ள."

கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். நான் அதுவரை உதடு அசையாமல் ஒரு வரிகூடப் படித்ததில்லை. சத்தம் போடாமல் படித்தால் எப்படி மனதுக்குள் போகும் என்றே எனக்குத் தெரியாது. அவள் என்னைச் சோதிக்கிறாளோ என்று, "எங்க, இந்தப் பக்கத்துல என்ன போட்டிருக்கு, சொல்லு" என்றேன். கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினாள். உதடு அப்படியே இருந்தது. பிறகு நிமிர்ந்து கதையைத் தன் வார்த்தையில் சொன்னாள். நான் புத்தகத்தை வாங்கி, அவள் சொன்னது சரிதானா என்று விரலை வைத்து முணுமுணுத்துப் பார்த்தேன். நான் பாதி வருவதற்குள், "என்னம்மா, இன்னுமா முடியல?" என்று கேட்டாளே பார்க்கலாம்! எந்தத் தாய்க்கும் அப்படி ஒரு கேலி கிடைக்க வேண்டும். வற்றலைக் காக்காய் தின்றுவிட்டுப் போனால் போகட்டும் என்று இருந்தது.

புத்தகம் கடைசிக்கு வந்தது. பையன் தகப்பனைக் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் தகப்பன் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கிறான். பையன் அவன் காலடியில் உட்கார்ந்து அழுகிறான். மகள் தாளைத் திருப்பினாள். கடைசித் தாள் இல்லை. யாரோ கிழித்திருக்கிறார்கள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வாசலில் பூக்காரம்மா, "அய்ய, இன்னா அநியாயம்!" என்றாள். மூடவும் முடியாது, படிக்கவும் முடியாது. கடைசியில் புத்தகத்தைப் பிரித்தபடியே சாமி அலமாரியில் வைத்து, காற்றில் மூடிக்கொள்ளாமல் இருக்க விபூதிச் சம்புடத்தை மேலே வைத்தேன்.

கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் சாமி கும்பிடப் போனவர் நின்றார். "இது என்ன புதுசா?"

"படகுக்காரருக்கு ரொம்பக் காய்ச்சல்ப்பா" என்றான் சின்னவன்.

"எந்தப் படகுக்காரரு? நம்ம தெருவுலயா?"

விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரிதான்! ஏளா, அவருக்கு ஒரு முழுங்கு சுக்குக் கஷாயம் வச்சு ஊத்து, எந்திரிச்சிருவாரு." சாப்பிடும்போதும் விடவில்லை. "இப்ப எப்படி இருக்காரு, தேவலையா?" என்று மகளைச் சீண்டினார். அவள் சிரிக்கவில்லை. "நாளைக்குத் தெரிஞ்சுடும்ப்பா" என்றாள்.

காலையில் அவளே என்னை நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நூலகக்காரர், "மயிலாப்பூர்க் கிளையில ஒரு பிரதி இருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். சின்னவனையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அந்த வெயிலில் தார் ரோடு இளகிக் காலோடு வந்தது. அவள் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நூலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அங்கே அப்படி யாரும் செய்வதில்லை என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புத்தகம் கிடைத்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே கடைசித் தாளுக்குப் போனாள். நின்றபடியே கண்ணை ஓட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னட்டி ஆச்சு? சத்தமாச் சொல்லேன்!"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் "உஷ்" என்றார். என் மகள் என் காதுக்கருகே வந்தாள். "கண்ணு முழிச்சுட்டார்ம்மா. ரெண்டு பேரும் படகுல ஊருக்குப் போறாங்க" என்றாள். நான் அந்த இடத்திலேயே கைகூப்பினேன். இத்தனை நாள் அவளுக்கு எல்லாம் நான்தான் சொல்லிக் காதில் போட்டேன். அன்றைக்கு, எழுத்தில் இருப்பதை அவள் எனக்குக் காதில் சொன்னாள். அப்படியே கபாலி கோயிலுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தோம்.

பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாளே கூட்டிப்போனேன். அதே டீச்சர். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, "இந்தப் பத்தியைப் படி" என்று விரலை வைத்துக் காட்டினார்.

மகள் புத்தகத்தை வாங்கினாள். பேசாமல் நின்றாள். கண் மட்டும் ஓடுகிறது. பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி பார்த்தாள். நான் கதவோரம் நின்று முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் பெருமூச்சு விட்டார். "இன்னும் வரலையா? சரி, குடு."

"வருது டீச்சர். ஆனா நீங்க காட்டின இடத்துல நிறுத்த முடியாது. மான் வலையில மாட்டிக்குது. அடுத்த பக்கம் பாதியிலதான் எலி வந்து அறுத்துவிடுது. அதுவரைக்கும் படிக்கட்டுமா?"

டீச்சர் அவளை விட்டு என்னைப் பார்த்தார். "எங்க வீட்டுல அப்படித்தான் டீச்சர்" என்றேன்.

படித்தாள். தடுமாறாமல் படித்தாள் என்று சொல்ல மாட்டேன். ஒரு நீளமான வார்த்தையில் சிக்கினாள். திரும்பப் போய்ப் பிடித்துக்கொண்டாள். எலி வலையை அறுத்து, மான் காட்டுக்குள் ஓடியதும்தான் நிறுத்தினாள். டீச்சர் புத்தகத்தைத் திருப்பி வாங்கவில்லை. "நீயே வச்சுக்கோ. ஆறாவது 'பி', மாடி ஏறி ரெண்டாவது ரூம்" என்றார். என்னிடம், "யாரும்மா டியூஷன்?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

எத்தனையோ பேர் தங்கள் பிள்ளைகள் மாநிலத்தில் முதலாக வந்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த மாடிப்படியில் என் மகள் ஏறிப்போன பெருமை போதும்.

கடை விடுமுறை நாளில் என் வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாடு முடித்துப் பாயில் சாய்ந்தார். தையல் கிளாஸ் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. "ஏ பிள்ள, எனக்கும் ஒரு கதை வாசி பாப்போம்" என்று மகளைக் கூப்பிட்டார். அவள் நூலகத்திலிருந்து புதிதாக எடுத்து வந்ததைப் பிரித்து, அவர் தலைமாட்டில் உட்கார்ந்து வாசித்தாள். "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தவர், வாரமெல்லாம் நின்ற கால் அல்லவா, அப்படியே தூங்கிப்போனார். சின்னவன் ஏற்கெனவே தூங்கியிருந்தான்.

அவள் குரலை நிறுத்தினாள். இனி மூடிவிட்டு விளையாடப் போவாள் என்று நினைத்துப் பாத்திரத்தைத் துலக்கி முடித்து எட்டிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நல்ல இடம் வரலையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது அப்பவே வந்துடுச்சும்மா" என்றாள், தலை நிமிராமலே.